எஞ்சினின் மூளைக்கு வைத்த பொட்டு

ஒரு காருக்கு மூளை எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எனக்கு அது எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கத்தான் தோன்றவில்லை. இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன். என் மனைவியோ கொழுந்தியாளோ சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை. அவர்கள் சொன்னால் இன்னும் நீளமாகச் சொல்வார்கள்.

அறுபதுகளின் பிற்பகுதி அது. இலங்கை மலைநாட்டில், மாத்தளை டவுனில் மிளகு, கொக்கோ, ஏலம் எல்லாம் வாங்கி விற்கும் ஒரு கடையில் எனக்குக் கணக்கெழுதும் கிளாக்கர் வேலை. கிளாக்கருக்குக் கார் எதற்கு என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள். அது பல பேர் ஓட்டிக் களைத்த பிறகு என்னிடம் வந்து சேர்ந்த ஒரு பழைய இங்கிலாந்துக் கார். பச்சை நிறம் என்று சொல்லித்தான் தந்தார்கள். நானும் மற்றவர்களிடம் பச்சை என்றே சொல்லி வந்தேன். மழை பெய்தால் உள்ளேயும் கொஞ்சம் பெய்யும். மற்றபடி குறை சொல்ல முடியாது, ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கார் ஓடுவதைவிட அதைப் பற்றிப் பேசுவதில்தான் எனக்கு விருப்பம் அதிகம். கராஜில் காரைக் கழற்றும்போதெல்லாம் பக்கத்தில் நின்று, அங்கே பேசப்படும் சொற்களைப் பொறுக்கிக்கொண்டு வருவேன். பிறகு கடையில் மிளகுச் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து, காபரேட்டர் என்ன செய்யும், கொயில் என்ன செய்யும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவேன். ஒருமுறை கராஜ் பாஸ், அதாவது அங்கே மெக்கானிக், எஞ்சினின் பக்கத்தில் இருந்த கறுப்பு மூடி ஒன்றைத் தட்டிக்காட்டி, "இதுதாங்க டிஸ்டிரிபியூட்டர். எஞ்சினுக்கு மூளை மாதிரி. எந்த பிளக்குக்கு எப்போ நெருப்புக் குடுக்கணும்னு இதுதான் தீர்மானிக்கும்" என்று சொல்லிவிட்டார். அவர் ஏதோ பேச்சுக்குச் சொன்னார். நான் அதை வேதம் போல வைத்துக்கொண்டேன்.

இனி என் கொழுந்தியாள். மனைவியின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். குறைவாகப் பேசுவாள். அவள் பேசாமல் இருக்கும்போது நமக்கு நிம்மதியாக இருக்காது, பேசிவிட்டால் அதைவிட மோசம். எஸ்.எஸ்.சி. நன்றாகப் பாஸாகி, ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். இந்தியாவிலிருந்து வந்த வம்சமான எங்கள் ஆட்களுக்கு அரசாங்க வேலை என்பது அப்போது சும்மா கிடைக்கிற காரியமில்லை. பிரஜாவுரிமைப் பத்திரம் கையில் இருந்தால்தான் விண்ணப்பமே போடலாம். என் மாமனார் ஒவ்வொரு அரசாங்க அலுவலகமாக, கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி அந்தப் பத்திரத்தை வாங்கி, அது வந்த பிறகு அதிக காலம் இருக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பத்திரத்தின் பலத்தில்தான் அவளுக்கு நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்தது. கண்டியில், கல்விக் கந்தோரில், காலை ஒன்பது மணிக்கு. அந்த நாள் ஆயுத பூசைக்கு மறுநாள், விஜயதசமி.

கடிதம் வந்த அன்றே அவள் சொல்லிவிட்டாள், "நான் முதல் பஸ்ஸில போயிடுறேன்."

"கார் இருக்கிற வீட்டுல இருந்து பஸ்ஸில போனா ஊர் என்ன சொல்லும்?" என்றேன்.

"நேரத்துக்குப் போயிட்டாள்னு சொல்லும், அத்தான்."

என் மனைவி நடுவில் வந்தாள். "அவரு ஆசையாச் சொல்றாரு. அதான் கார் நல்லா ஓடுதே. போயேன்டி." மனைவி என் பக்கம் பேசியது அபூர்வம் என்பதால் நானே கொஞ்சம் திகைத்துப் போனேன். அக்காவின் பேச்சைத் தட்டாமல் கொழுந்தியாள் தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், கிளம்பாவிட்டால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி இருந்தது. "பூசை போட்ட கார் கிளம்பாம இருக்குமா?" என்றேன். அவள் கேட்காத கேள்விக்கு நான் சொன்ன பதில் அது.

ஆயுத பூசை என்றால் எங்கள் பக்கத்தில் வேலை செய்கிற பொருளுக்கெல்லாம் ஒரு நாள் ஓய்வு. கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, பூசை போட்டுவிட்டால், மறுநாள் திரும்பவும் கற்பூரம் காட்டி எடுக்கும்வரை அதைத் தொடக் கூடாது. டவுனில் லொறிகள் எல்லாம் வாழைக்கன்று கட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நிற்கும். எங்கள் வீட்டுச் சாமி படத்தின் முன்னால் அரிவாள்மணை, கத்தரிக்கோல், தையல் மெஷினின் கைபிடி, என் பேனா, கொழுந்தியாளின் புத்தகங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. அவளுடைய சர்ட்டிபிக்கேற்றுகளை மட்டும் அவள் வைக்கவில்லை. மனைவி கேட்டதற்கு, "அது எனக்கு விடியக்காலையில வேணும், அக்கா" என்றாள். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். காரும் விடியக்காலையில் வேண்டிய பொருள்தானே.

எனக்கு வேறு யோசனை ஓடியது. எல்லாரும் காரின் நெற்றியில், அதாவது பொனட்டில், ஒரு பெரிய பொட்டு வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வேலை செய்வது பொனட்டா? உள்ளே இருந்து உழைக்கிறவனுக்கு ஒன்றுமில்லை, வெளியே பளபளப்பாக நிற்கிறவனுக்குச் சந்தனமா? கடையில் மொதலாளி கழுத்தில் மாலை விழும் போதெல்லாம் எனக்கு வரும் யோசனைதான் இது. ஆகவே பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பற்றரிக்கு ஒரு பொட்டு, ரேடியேட்டர் மூடிக்கு ஒன்று, காபரேட்டருக்கு ஒன்று, பிளக்குகளுக்கு ஆளுக்கொன்று என்று வைத்துக்கொண்டே போனேன். யாருக்கும் மனவருத்தம் வரக் கூடாது பாருங்கள்.

கடைசியில் மூளை.

கறுப்பு மூடிக்கு மேலே வைத்துவிட்டு விட்டிருக்கலாம். அது தலைமயிர் மேல் பொட்டு வைத்த மாதிரி எனக்குப் பட்டது. கராஜ் பாஸ் செய்வதைப் பார்த்திருந்தபடியே இரண்டு பக்கத்துக் கிளிப்புகளையும் நெம்பி மூடியைக் கழற்றினேன். உள்ளே ஓரத்தில் மிளகு அளவில் இரண்டு உலோகத் துண்டுகள், ஒன்றையொன்று தொட்டும் விலகியும் வேலை செய்பவை. பொயின்ட் என்பார்கள். அவை சேர்ந்து பிரியும்போதுதான் எஞ்சினுக்கு நெருப்புப் பிறக்கிறது. பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்த இடத்துக்கு இதுவரை யாராவது பொட்டு வைத்திருப்பார்களா? விரல் நுழையவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, கழுவி, அதன் நுனியில் சந்தனத்தைத் தொட்டு, இரண்டுக்கும் நடுவில் பக்குவமாக வைத்தேன். அதன் மேல் ஒரு துளி குங்குமம். மூடியைப் போட்டு, அதன் மேலும் ஒன்று. பிறகு மனைவி வந்து கற்பூரம் காட்டினாள். எஞ்சின் முழுக்கச் சிவப்புப் பொட்டோடு கலகலவென்று இருந்தது. நானே இரண்டு பக்கமும் போய் நின்று பார்த்தேன்.

இரவில் மழை பெய்தது. விடிந்ததும் கொழுந்தியாள் நீலச் சேலை கட்டி, இஸ்திரி போட்ட, முகம் துடைக்கிற வெள்ளை லேஞ்சி ஒன்றைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு, சர்ட்டிபிக்கேற்றுகளோடு காரின் பின்பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். மனைவிக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. "பூசையில இருக்கிற பொருள். நல்ல நேரம் பத்து மணிக்கு மேலதான் வருது. கற்பூரம் காட்டாம எடுக்கிறீங்களே" என்றாள். "அங்க ஒன்பது மணிக்குக் கூப்பிடுவாங்க, நல்ல நேரம் பார்த்தா கூப்பிடுவாங்க?" என்று சொல்லி ஸ்டார்ட்டரை இழுத்தேன்.

எஞ்சின் நன்றாகச் சுற்றியது. ருரு ருரு என்று உற்சாகமாகவே சுற்றியது. ஆனால் பற்றவில்லை.

முதல் தடவை யாரும் பதறவில்லை. எங்கள் காரின் சுபாவம் தெரியும். சோக்கை இழுத்துவிட்டு மறுபடி. சுற்றியது, பற்றவில்லை. பெற்றோல் குறைவாகப் போகிறதோ என்று காலால் மிதித்து மிதித்துக் கொடுத்தேன். பெற்றோல் நாற்றம் மூக்கில் ஏறியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. இறங்கிப் போய்ப் பொனட்டைத் திறந்து, பார்க்க வேண்டிய மாதிரி பார்த்தேன். எல்லாப் பொட்டும் வைத்த இடத்தில் இருந்தன. பூசை போட்ட இடத்தைச் சந்தேகிக்க யாருக்கு மனம் வரும்? ஆகவே பூசை போடாத இடங்களை எல்லாம் ஆட்டிப் பார்த்தேன்.

"குளிர் பிடிச்சிருக்கு" என்று திரும்பி வந்து சொன்னேன்.

"யாருக்கு?" என்றாள் கொழுந்தியாள்.

அந்த நேரத்தில் மேலே பிரதான வீதியில் பஸ் வரும் சத்தம் கேட்டது. எங்கள் வீடு வீதியிலிருந்து கீழே இறங்கும் ஒரு சரிவுப் பாதையில் இருந்தது. மேலே நாலெட்டு நடந்தால் பஸ் நிறுத்தம். அவள் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துவிட்டாள். அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"இறங்காதே. சரிவில ஒரு உருட்டு உருட்டினா போதும். கியர்ல விட்டா தானாப் பத்திக்கும். பஸ்ஸுக்கு முன்னால கண்டியில நிப்போம்."

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டேன்.

கார் உருண்டது. கியரைப் போட்டு விட்டதும் ஒரு குலுக்கல். விக்கல் எடுத்த மாதிரி குலுங்கிக் குலுங்கிப் போனது. பின்னால் உட்கார்ந்திருந்தவளின் சர்ட்டிபிக்கேற்றுகள் காலடியில் விழுந்தன. சரிவு எங்கே முடியுமோ அங்கே, மதகுக்குப் பக்கத்தில், காரும் நின்றது. மேலே பஸ் நின்று, ஆளேற்றி, புறப்பட்டுப் போகும் சத்தம் தெளிவாகக் கேட்டது. இப்போது பஸ் நிறுத்தம் மேலே, நாங்கள் கீழே, பஸ் கண்டிப் பக்கம். அடுத்த பஸ் ஊரெல்லாம் நின்று நின்று போகும். அதில் போனால் பரீட்சை முடிந்து, உட்கார்ந்த கதிரைகளை அடுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம்.

 கொழுந்தியாள் குனிந்து காகிதங்களைப் பொறுக்கி, தூசு தட்டி, வரிசைப்படுத்தினாள். தகப்பனாரின் பிரஜாவுரிமைப் பத்திரத்தின் ஒரு மூலை மடிந்திருந்தது. அதை நகத்தால் நீவி நீவி நேராக்கினாள். ஏதாவது ஏசியிருக்கலாம் என்று எனக்கு இருந்தது.

மதகடியில்தான் எங்கள் அயல்வீட்டு முஸ்லிம் பெரியவர், எல்லாரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிறவர், அவருடைய லொறிக் கொட்டகை. இரத்தோட்டைப் பக்கத்திலிருந்து மரக்கறியும் கறுவாப்பட்டையும் ஏற்றி வருகிற லொறி. அவர்கள் பரம்பரை பரம்பரையாக மாத்தளைக்காரர்கள். அந்தப் பழைய லொறியைத் தானே கழற்றிப் பூட்டி ஓடவைக்கிறவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. அதைத் தினமும் ஒருமுறை நமக்கு ஞாபகப்படுத்துவார். தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்தார்.

"என்ன தம்பி, காருக்குச் சவாரி காட்டுறீங்களா?"

"ஸ்டார்ட் ஆகுதில்ல, நானா. லொறி இருக்கா? தங்கச்சியக் கண்டியில விடணும். இண்டைக்குத்தான் இன்டர்வியூ."

"லொறிய மகன் விடிய சுபஹுக்கே இரத்தோட்டைக்குக் கொண்டு போயிட்டான்." அவர் காருக்குள் பார்த்தார். பின்பக்கத்தில் நீலச் சேலையும் நீவப்படும் காகிதமும் தெரிந்ததும் கோப்பையை மதகுக் கட்டில் வைத்தார். "ஒருக்கா இழுங்க பாப்பம்."

இழுத்தேன். தலையைச் சரித்துக் கேட்டார், டொக்டர் நெஞ்சைக் கேட்கிற மாதிரி. "சுத்துது. பத்துதில்ல. இனி இழுக்காதீங்க, பற்றரி செத்து மவுத்தாகிடும்." பிறகு மூக்கை உறிஞ்சினார்; இருக்குது என்பது அவர் வாயில் ஈக்குது என்றுதான் வரும். "பெற்றோல் ஈக்குது. ஈக்குதா? ஊத்துது. எவ்வளவு மிதிச்சீங்க?"

"கொஞ்சம்தான்."

"இந்தக் கொஞ்சத்தில எண்ட லொறி நாலந்தாவுக்குப் போய் வரும்."

இரவு மழையில் பிளக் நனைந்திருக்கும் என்பது அவருடைய முதல் தீர்மானம். எனக்கும் அதுவே தோன்றியது என்று சொன்னேன். எல்லாவற்றையும் கழற்றித் துடைத்தார். பிளக் மேலிருந்த என் பொட்டுகள் ஈரத்தில் ஒழுகி, துணியெல்லாம் சிவந்தது. "இது என்ன, காயமா?" என்றார். பூசை என்றேன். "ஆ" என்று சொல்லிவிட்டுத் துடைத்தார். பூட்டினோம், ஒரு தடவை இழுத்தோம். பற்றவில்லை. நானாவின் முகம் கொஞ்சம் இறங்கியது. அவர் தீர்மானம் பிழைத்தால் அவருக்குக் கோபம் வரும், அதுவும் பக்கத்தில் நிற்பவன் மேல்.

"அப்ப நெருப்பு வரல்ல" என்றார். "ஒரு பிளக்கக் கழட்டி, வயரோட எஞ்சின்ல சாய்ச்சுப் புடிங்க. நான் சுத்துறன். நீலமா ஒரு பொறி வரோணும். கை பட்டா கரண்ட் அடிக்கும்."

பிளக்கைப் பிடிக்கிற வேலை எனக்கு. முன்னால் இரும்புக் கம்பியைக் குத்தி எஞ்சினைச் சுற்றுகிற வேலை அவருக்கு. நான் கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அடிக்காகக் காத்திருந்தேன். அவர் சுற்றினார். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை. பொறியும் இல்லை, அடியும் இல்லை. எனக்கு அடி விழவில்லையே என்று நான் வருத்தப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

"கொயிலுக்குக் கரண்ட் வருது, இந்தா" என்று வயரை உரசிக் காட்டினார். "கொயிலுக்குப் பொறகுதான் எங்கயோ சாகுது. கொயிலுக்கு அடுத்தது என்ன?"

என்னிடம் கேட்டார். கடையில் எத்தனை பேருக்கு நான் விளக்கிய பாடம் அது. கொயிலுக்கு அடுத்தது மூளை. அந்த நேரத்தில்தான் எனக்கு ஈர்க்குச்சி ஞாபகம் வந்தது. பெற்றோல் நாற்றத்தையும் மீறி சந்தனம் மணக்கிற மாதிரி இருந்தது.

"அதத் திறக்கத் தேவையில்ல, நானா" என்றேன். "அது நல்லாத்தான் இருக்கும். புது சாமான்."

"எப்ப போட்ட?"

"போன வருஷம்... அதுக்கு முந்தின வருஷமாவும் இருக்கலாம்."

"அத்தான்" என்றாள் கொழுந்தியாள். எப்போது இறங்கி வந்து பக்கத்தில் நின்றாளோ தெரியாது. "தள்ளுங்க, அவர் திறக்கட்டும்."

நானா கிளிப்புகளை நெம்பி மூடியை எடுத்தார். குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். உள்ளே இரண்டு பொயின்டுகளும் சந்தனத்தால் ஒட்டிக்கொண்டு, இரவோடிரவாக இறுகி, நடுவில் குங்குமத்தோடு சேர்ந்திருந்தன.

"தம்பி. இத யாரு வெச்ச?"

"நான்தான்."

"வெளிய எடம் காணாமப் போச்சா?"

 உள்ளே உழைக்கிறவனுக்கும் மரியாதை வேண்டும் என்ற என் கொள்கையை அந்த நேரத்தில் விளக்க முடியவில்லை. சந்தனம் காய்ந்தால் கரண்டைக் கடத்தாது என்பது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. சந்தனத்தையும் கரண்டையும் ஒரே நேரத்தில் நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நோய் தெரிந்துவிட்டது, வைத்தியமும் சுலபம். துடைத்துவிட்டு, நெருப்புப் பெட்டியின் பக்கத்தால் பொயின்டைத் தேய்த்தால் போதும் என்றார் நானா. ஆனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "பிளக்கில ஈந்தது எனக்குத் தெரியாமத் தொடச்சது. இது தெரிஞ்சு தொடைக்க ஏலா. உங்கட சாமிக்கு வெச்சது. நாளைக்கு உங்களுக்குத் தலைவலி வந்தாலும், நானா தொடச்சுத்தான் வந்தெண்டு சொல்லுவீங்க."

"சொல்ல மாட்டேன், நானா."

"நீங்க சொல்லமாட்டீங்க. ஊட்டில சொல்லுவாங்க."

வீட்டில் சொல்கிறவள் அப்போது சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். கையில் தட்டு, தட்டில் கற்பூரம், தேசிக்காய், நெருப்புப் பெட்டி. கார் கிளம்பாததன் காரணத்தை அவள் மேலிருந்தபடியே கண்டுபிடித்துவிட்டாள். "நான் அப்பவே சொன்னேன், கற்பூரம் காட்டாம எடுக்காதீங்கன்னு. நல்ல நேரம் வராட்டியும் பரவாயில்ல." தட்டை எஞ்சினுக்குப் பக்கத்தில் மட்காட் மேல் வைத்து, நெருப்புக் குச்சியை எடுத்தாள்.

நானா பாய்ந்தார். அந்த உடம்பு அப்படிப் பாயும் என்று நான் நினைத்ததில்லை. "தங்கச்சி, பத்த வைக்காதீங்க. எஞ்சின் முழுக்கப் பெற்றோல்."

மனைவி குச்சியைப் பிடித்தபடியே நின்றாள். விஷயத்தைச் சொன்னோம். அதாவது நானா சொன்னார், நான் மதகுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டுவிட்டு அவள், "வச்சது தப்புத்தான். ஆனா வச்ச பொட்ட, கற்பூரம் காட்டாம அழிக்கிறதா? விஜயதசமியும் அதுவுமா?" என்றாள்.

"கற்பூரம் காட்டினா காரே ஈக்காது, தங்கச்சி" என்றார் நானா.

கற்பூரம் காட்டாமல் துடைக்க முடியாது. துடைக்காமல் கார் கிளம்பாது. காருக்குப் பக்கத்தில் கற்பூரம் கொளுத்தவும் முடியாது. பெற்றோல் காயும்வரை பொறுப்பதற்கு நேரமும் இல்லை. நான் இதை ஒவ்வொன்றாக விரல்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். கொழுந்தியாள் என்னைக் கவனிக்கவில்லை.

"அக்கா, நீங்க மேல அந்தச் செவ்வரத்தைப் பூ வேலிகிட்டப் போய் நின்னு கொளுத்துங்க. அங்கயிருந்தே காட்டுங்க. சாமிக்குக் கண்ணு தெரியும்."

மனைவி வேலியைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு மேலே நடந்தாள். வேலிப் பக்கம் நின்று கற்பூரத்தைக் கொளுத்தி, கீழே பொனட்டைத் திறந்துகொண்டு நிற்கும் காரை நோக்கி வட்டமாகக் காட்டினாள். நெருப்புக் கொஞ்சமாகத்தான் தெரிந்தது, புகை தெரிந்தது. நான் கும்பிட்டேன். நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மரியாதைக்கு இரண்டு எட்டுத் தள்ளி நின்றார். சரிவில் வந்த ஒரு சைக்கிள்காரர் எங்கள் இரண்டு கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

கற்பூரம் அணைந்ததும் மனைவி நெருப்புப் பெட்டியைக் கொண்டுவந்து தந்தாள். நான் கையை நீட்டினேன். கொழுந்தியாள் இடையில் வாங்கிக்கொண்டாள். வெள்ளை லேஞ்சியின் மூலையைப் பெற்றோலில் நனைத்து, பொயின்டுகளுக்கு நடுவில் விட்டு இழுத்தாள். சந்தனம் கரைந்து, குங்குமம் கரைந்து, லேஞ்சி முழுக்கச் செங்காவி. நானா சொல்லச் சொல்ல, நெருப்புப் பெட்டியின் பக்கத்தைக் கிழித்து மடித்து, உலோகம் மினுங்கும்வரை தேய்த்தாள். நான் உதவிக்குக் குனிந்தபோது என் நிழல் விழுகிறது என்று சொன்னாள். எட்டி நின்றேன்.

பற்றரி களைத்துவிட்டது. நானாதான் கம்பியைப் போட்டுச் சுற்றினார். முதல் சுற்றில் ஒரு இருமல், இரண்டாவதில் பெரிய சத்தத்தோடு பின்னால் ஒரு கரும்புகை, பிறகு எஞ்சின் பிடித்துக்கொண்டது. நானாவுக்கு நன்றி சொல்லத் திரும்பினேன். அவர் கோப்பையை எடுத்து ஆறிய தேத்தண்ணியைப் பார்த்துவிட்டு, "சுருக்காப் போங்க. மூடியத் திறக்காமப் போங்க" என்றார்.

கொழுந்தியாளை ஏற்றிக்கொண்டு கண்டிக்கு விரட்டினேன். அக்குரணையில் ஒரு மாட்டு வண்டியை முந்தப் போனபோது மட்டும் "மெதுவா" என்றாள். கல்விக் கந்தோர் வாசலில் இறக்கிவிட்டபோது ஒன்பது தாண்டிவிட்டது. அவள் ஓடவில்லை, ஆனால் நடந்ததாகவும் சொல்ல முடியாது. பெயரைக் கூப்பிட்டு, ஆள் இல்லை என்று அடுத்தவரைக் கூப்பிட்டிருந்தார்கள். கதவடியில் இருந்த பியோனிடம் அவள் சிங்களத்தில் ஏதோ பேசினாள், அவர் உள்ளே போய்ச் சொன்னார், எல்லாருக்கும் கடைசியில் பார்ப்பதாகச் சொல்லி வெளியே கிடந்த நீள வாங்கில் உட்காரவைத்தார்கள். இதெல்லாம் பிறகு அவள் அக்காவிடம் சொன்னது. எனக்குச் சொன்னதில்லை. கையில் பெற்றோல் நாற்றமும் காவி லேஞ்சியுமாக மத்தியானம்வரை அந்த வாங்கில் இருந்திருக்கிறாள்.

நான் வெளியே காரில் இருந்தேன். எஞ்சினை நிறுத்தினால் மறுபடி பிடிக்குமோ பிடிக்காதோ என்ற பயத்தில் நிறுத்தவே இல்லை. கொஞ்ச நேரம் என்று நினைத்தேன். அவள் கடைசி ஆள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? காவல்காரர் வந்து, ஏன் சும்மா ஓடவிடுகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். எஞ்சினுக்குச் சுகமில்லை என்றேன். அனுதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அவள் வெளியே வந்து ஏறினாள். எப்படி நடந்தது என்று கேட்டேன். "நடந்துச்சு" என்றாள். அலவத்துகொடை தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் எஞ்சின் ஒரு இழுப்பு இழுத்து நின்றது. இறங்கிப் போகாமலே ஸ்டார்ட்டரை இழுத்தேன். நன்றாகச் சுற்றியது, பற்றவில்லை.  இந்தத் தடவை கண்டுபிடிக்க நானா தேவைப்படவில்லை. பெற்றோல் முள் அடியில் படுத்திருந்தது. கந்தோர் வாசலில் நின்றுகொண்டே கார் எங்கேயோ போய் வந்திருக்கிறது.

நான் அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கொழுந்தியாள் இறங்கி, வீதியோரத்தில் நின்று, வந்த மாத்தளை பஸ்ஸுக்குக் கையை நீட்டிவிட்டாள். ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஒரு போத்தல் பெற்றோல் தேடி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருந்தாள்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் எங்கள் வீட்டில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழும்புவோம். கடிதம் வராத ஒவ்வொரு நாளும் நான் காரின் பக்கம் போகாமல் கடைக்கு நடந்தே போனேன். உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டேன். ஒருநாள் கடிதம் வந்தது. மாத்தளைக்கு வடக்கே, நாலந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் நியமனம். மனைவி அழுதாள். கொழுந்தியாள் கடிதத்தைத் தகப்பனாரின் பத்திரத்தோடு ஒன்றாக மடித்து அலுமாரியில் வைத்தாள். முதல் நாள் பாடசாலைக்குக் காரில் கொண்டுபோய் விடட்டுமா என்று நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்று வாசல்வரை போனேன். அவள் கையில் குடையும் பஸ் காசும் இருந்தன.

அங்கேயே தங்கிப் படிப்பித்துக்கொண்டு, சனி, ஞாயிறில் வீட்டுக்கு வருவாள். வரும்போது எனக்குப் புகையிலையோ அக்காவுக்கு ஏதாவதோ கொண்டுவருவாள். அன்றைய விஷயத்தை அவள் ஒருமுறையும் பேசியதில்லை. அந்த லேஞ்சியை மட்டும் எறியவில்லை. எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் அந்தக் காவி போகவில்லை என்று மனைவி சொல்வாள், என்னைப் பார்த்துக்கொண்டு.

அடுத்த வருஷம் ஆயுத பூசை வந்தது. அவளும் லீவு போட்டு வந்திருந்தாள். காரைக் கழுவி நிறுத்தியிருந்தேன். பச்சை இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தது. பொனட்டை மூடியே வைத்திருந்தேன், அதை எல்லாரும் பார்க்க வேண்டும் என்று அதன் மேல் கையையும் வைத்திருந்தேன். கீழே மதகடியிலிருந்து நானா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். மனைவி அரைத்த சந்தனத்தைக் கிண்ணத்தில் கொண்டுவந்து தந்தாள். கொழுந்தியாள் முன் பம்பரில் குந்தியிருந்து வாழைக்கன்றைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள்.

நான் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உண்மையிலேயே பணிவாகத்தான் கேட்டேன், "இந்த வருஷம் எங்க வைக்கட்டும், தங்கச்சி?"

முடிச்சை இறுக்கிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்:

"உங்க நெத்தியில வைங்க."